நயேலி போகாத கல்லூரி

அந்த வருடம் எங்கள் உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பில் முந்நூற்று எழுபது பேர் இருந்தார்கள். அதில் முதல் ஆள் என் தங்கை நயேலி. வேதியியலில் அவளுக்கு இருந்த பிடிப்பு எங்கிருந்து வந்ததென்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா எலிசேயோ ஆரஞ்சுத் தோப்பில் வேலை செய்கிறவர். அம்மா மினெர்வா, சிறுநீரகம் கெட்டுப்போகும் வரை வயதானவர்கள் வீட்டுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்துவிட்டு வருவாள். நான் ரொஹேலியோ, ஏசி மெக்கானிக். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார வைப்பார்கள், பத்து மணிக்கு விடுவார்கள். இரண்டு வருடமாக அவளைக் கொண்டுபோய் விட்டு, திரும்ப அழைத்து வந்தது நான்தான். அப்பாவால் முடியாது. அவருக்கு இந்த நாட்டில் இருக்கக் காகிதம் கிடையாது. தோப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள இரண்டு மைலைத் தவிர அவர் வண்டி ஓட்ட மாட்டார். போலீஸ் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால் போதும், எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். வடக்கே எழுபது மைலில் நெடுஞ்சாலையின் குறுக்கே குடியேற்றக் காகிதம் பார்க்கிற சோதனைச்சாவடியை அவர் இருபத்தாறு வருடமாகத் தாண்டியதில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான்.

மார்ச் மாதக் கடைசியில் நயேலிக்கு பாஸ்டன் பக்கம் உள்ள ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. பேர் பெற்ற கல்லூரி. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வந்துபோக விமானச் சீட்டு, எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மே ஒன்றாம் தேதிக்குள் வருகிறாளா இல்லையா என்று அவள் பதில் சொல்ல வேண்டும். இதே சமயம் எங்கள் ஊரிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில் இருக்கும் கல்லூரியும் அவளுக்கு உதவித்தொகையோடு இடம் கொடுத்திருந்தது.

கடிதத்தை அவள் முதலில் என்னிடம்தான் காட்டினாள். அம்மாவுக்கு இப்போது சொல்லாதே என்றாள். டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிப்போக ஒரு வேன் உண்டு. அதற்கு எழுதிப் போட்டு, நாள் குறித்து, எல்லா ஏற்பாடும் செய்த பிறகு தானே அம்மாவிடம் பக்குவமாகச் சொல்வதாகத் திட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கனத்த கம்பளிக் கோட்டும் வாங்கி வந்துவிட்டாள். எங்கள் ஊரில் அதைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றால் மயக்கம் வரும். கண்ணாடி முன்னால் அதைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். போகத்தான் முடிவு செய்திருந்தாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பள்ளியில் கல்லூரி ஆலோசகராக இருந்த ஒச்சோவா மிஸ் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சிகிச்சையின் அசதி அவளுக்கு மறுநாளும் தீராது. மிஸ் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். அப்பாவுக்குப் புரியும்படி எல்லாவற்றையும் ஸ்பானிஷில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு வருடமும் முதல் பத்து இடத்தில் வருகிற பிள்ளைகளில் ஆறு ஏழு பேர் வீட்டுப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள், அப்படி நின்றவர்களில் பாதிப் பேர் பட்டம் வாங்குவதில்லை, மூளை இல்லாமல் இல்லை, நடுவில் வீடு வந்து அவர்களை இழுத்துக்கொள்கிறது என்றார்.

அப்பா காகிதங்களைப் பார்க்கவில்லை. தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கார்ல போனா எவ்ளோ நேரம் மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு நாள் ஆகும் சார். ஆனா பிளேன்ல ஆறு ஏழு மணி நேரம்தான். பட்டம் வாங்கற அன்னிக்குக் குடும்பத்தையே அவங்க கூப்பிடுவாங்க."

அப்பா தலையாட்டினார். அந்த நாளில் தன்னால் அங்கே இருக்க முடியாது என்று அவர் சொல்லவில்லை. மிஸ்ஸுக்கும் அது தெரியும். அவரும் சொல்லவில்லை. கடைசியில் அப்பா, "அவ கெட்டிக்காரி. அவளுக்குத் தெரியும் எது சரின்னு" என்று எழுந்துகொண்டார். நயேலி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். அது சம்மதம்தான் என்று நானும் இன்றுவரை நினைக்கிறேன்.

தடை நான்தான்.

என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் மேற்கே எண்ணெய் வயலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஜூன் மாதம் வந்தால் எனக்கும் இடம் இருக்கிறது என்று சொல்லியிருந்தான். இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் விடிவதற்கு முன்னால் எழுந்து, அம்மாவை ஏற்றி, இறக்கி, பத்து மணிக்கு வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மறுபடி ஏற்றி, அவள் காரில் வாந்தி எடுத்தால் கழுவி, எனக்குச் சலித்துவிட்டது. வெளியே சொன்னால் நல்ல மகன் என்ற பெயர் போய்விடும் என்று சொல்லாமல் இருந்தேன். நயேலி பள்ளியை முடித்ததும் அவள் பார்த்துக்கொள்வாள், நான் கிளம்பிவிடலாம் என்று மனதில் நாள் எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது.

அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். அம்மா வேனுக்குப் பழகும்வரை ஒரே ஒரு வருடம் நான் இருக்க முடியுமா என்று. யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.

ஏப்ரல் கடைசி வாரம், புதன்கிழமை காலை, அம்மாவைக் கூட்டிப்போகும்போது காரில் சொல்லிவிட்டேன். நயேலி போகப்போகிறாள், வடக்கே, பனி பெய்கிற ஊருக்கு, நான்கு வருடத்துக்கு என்று. அம்மா எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். போகாதே என்று ஒருநாளும் சொல்ல மாட்டாள். ஆனால் தன்னைப் பிள்ளைகளுக்குப் பாரமில்லாமல் ஆக்கிக்கொள்ள ஏதாவது செய்வாள், அதைப் பார்த்து நயேலியால் தாங்க முடியாது. இவ்வளவையும் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். இதை எழுதும்போது வேறு மாதிரி எழுதலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாத" என்றாள். "அவளா வந்து சொல்லட்டும். சந்தோஷமா சொல்லட்டும்."

வெள்ளிக்கிழமை காலை நான் சாவியை எடுத்தபோது அம்மா ஏற்கனவே வாசலில் நின்றிருந்தாள். வேனுக்குத் தானே போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம்.

"நீ வேலைக்குப் போ. நானும் பழகிக்கணும்ல" என்றாள்.

எங்கள் பகுதியில் அந்த வேன் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். கொண்டுபோய் விடுவான். திரும்ப அழைத்துப்போக எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. பத்து மணிக்கு நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். மூன்று தெரு தள்ளி ஒரு மளிகைக் கடையின் ஏசியைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன். போகவில்லை.

அன்றைக்கு வெயில் நூறைத் தாண்டியிருந்தது. உள்ளே உட்கார இடமில்லை, அடுத்த ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று அம்மா வெளியே வந்து நின்றிருக்கிறாள். பன்னிரண்டு மணிவரை வேன் வரவில்லை. சிகிச்சை முடிந்த உடம்பு. கை ஊசித்துளையில் கட்டியிருந்த துணி ஊறி, ரத்தம் முழங்கை வரை வழிந்திருக்கிறது. வாகனங்கள் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் விழுந்துவிட்டாள். ஒரு நர்ஸ் பார்த்துவிட்டு, என் போன் கிடைக்காமல் நயேலியின் பள்ளிக்கு போன் செய்தாள். நயேலி ஒச்சோவா மிஸ்ஸின் காரில் ஓடிப்போனாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மா நடைபாதைக் கல்லில் உட்கார்ந்திருந்தாளாம். நயேலியைப் பார்த்ததும் சிரித்தாளாம்.

"ஒண்ணுமில்ல மிஹா, என் மகளே. வேன் வந்துடும். நீ போனப்புறம் நான் இப்படித்தான வரணும், அதான் பழகிக்கிறேன்."

அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று நயேலிக்குத் தெரிந்தது அப்போதுதான்.

சாயங்காலம் அவள் சமையலறை மேசையில் பள்ளி கொடுத்த லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் குளித்துவிட்டு வந்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"இங்க படிச்சாலும் படிப்புதானே அண்ணே?"

"புத்தகம் ஒண்ணுதானே" என்றேன். "கெட்டிக்காரி எங்க இருந்தாலும் கெட்டிக்காரிதான்."

பாஸ்டனுக்கு வரவில்லை என்ற பொத்தானை அவள் அழுத்தினாள். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அன்று இரவு இரண்டு தட்டு பீன்ஸ் சாப்பிட்டேன், அதுகூட நினைவிருக்கிறது.

ஒச்சோவா மிஸ் மூன்று முறை போன் செய்தார். ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாம், கொடுப்பார்கள் என்றார். நயேலி வேண்டாம் என்றாள். ஜூன் மாதம் நான் மேற்கே போய்விட்டேன்.

பக்கத்துக் கல்லூரியில் அவள் முதல் வருடம் எல்லாப் பாடத்திலும் முதல் தரம். நான் போனில் பேசும்போதெல்லாம் பெருமையாக, "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்பேன். அவள் ஆமாம் என்பாள். விடியும் முன் அம்மாவை விட்டுவிட்டு, அங்கேயே காத்திருப்பு அறையில் உட்கார்ந்து படித்துவிட்டு, பத்து மணிக்கு அம்மாவை வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்து, பதினொன்றரைக்குக் கல்லூரிக்குப் போய்ச் சேர்வாள். செவ்வாயும் வியாழனும் முழு நாள்.

இரண்டாம் வருடம்தான் சிக்கல் ஆரம்பித்தது. வேதியியலில் மேலே போக ஒரு ஆய்வக வகுப்பு கட்டாயம். அது வருடத்துக்கு ஒரே முறை, சனவரியில் தொடங்கும். திங்கள், புதன், வெள்ளி காலை எட்டு மணி. வேறு நேரம் கிடையாது. அந்த வகுப்பு இல்லாமல் அதற்கு மேலே உள்ள ஆறு பாடத்தை எடுக்க முடியாது. இதைப் பற்றிக் கேட்கப் போனால் ஒவ்வொரு தடவையும் புது ஆலோசகர் இருப்பார். ஒருவர் அடுத்த வருடம் மாலையில் வைப்பார்கள் என்றார். வைக்கவில்லை. இன்னொருவர் உயிரியலுக்கு மாறிவிடு, அது சுலபம் என்றார். மாறினாள். மாறிய பிறகு, எடுத்து முடித்த ஐந்து பாடம் புதுப் பட்டத்துக்குச் செல்லாது என்றார்கள். திரும்ப வேதியியலுக்கே வந்தாள்.

இதற்குள் எண்ணெய் விலை விழுந்து எங்கள் முகாமையே மூடிவிட்டார்கள். போய்ச் சேர்ந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. அப்போது நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சான் அன்டோனியோவில் ஒரு பெண்ணோடு பழக்கம் ஏற்பட்டது, அங்கேயே ஏசி வேலை கிடைத்தது, இருந்துவிட்டேன். நான்கு மணி நேர வழி. எனக்கு வீடு நான்கு மணி நேரம். அப்பாவுக்குச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நான் நிலாவில் இருப்பது மாதிரி.

நயேலி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை கேட்டாள். அவளுடைய மூன்றாம் வருடம், நவம்பர் மாதம். நன்றி நாள் பண்டிகை விடுமுறைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா சோர்ந்து படுத்திருக்க, நயேலியே சமைத்தாள். சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"சனவரிலேருந்து மே வரைக்கும் இங்க வந்து இருக்க முடியுமா அண்ணே? அந்த ஒரு வகுப்பு முடிஞ்சா போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்குவேன்."

"வரேன்" என்றேன்.

"நிஜமா?"

"நாலு மாசம்தானே. வரேன்னு சொல்றேன்ல."

அவள் அந்த வகுப்புக்குப் பதிவு செய்தாள். எங்கள் முதலாளி சனவரியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் வேலையை எடுத்தான். பாதியில் போனால் திரும்ப வராதே என்றான். பத்து நாளில் வருகிறேன் என்று நயேலியிடம் சொன்னேன். பிறகு பிப்ரவரி என்றேன். அந்த நாட்களில் அவள் அம்மாவை வேனில் அனுப்பிப் பார்த்திருக்கிறாள். இரண்டாம் வாரமே அம்மாவுக்குக் கையில் கிருமி தொற்றிக் காய்ச்சல் வந்து, பதினேழு நாள் ஆஸ்பத்திரி. நயேலி அந்த வகுப்பை மட்டுமில்லை, அந்தப் பருவத்தின் எல்லா வகுப்புகளையும் விட்டாள். பருவத்துக்கு இத்தனை பாடம் படித்தால்தான் உதவித்தொகை என்று விதி. அது நின்றுபோனது. டயாலிசிஸ் மையத்திலேயே வரவேற்பு மேசையில் ஒரு ஆள் தேவைப்பட்டது. அம்மாவின் நேரத்திலேயே வேலை. சேர்ந்துகொண்டாள். மாலையில் ஒரு பாடம், இரண்டு பாடம் என்று தன் சம்பளத்தில் படித்தாள்.

அதில் ஒரு வருத்தமும் அவள் காட்டவில்லை. "நோயாளிங்க எல்லாம் எனக்குப் பழக்கம், நல்ல வேலைதான்" என்றாள் போனில். நான் நிம்மதி அடைந்தேன். நிம்மதி அடைவதில் எனக்கு எப்போதுமே கஷ்டம் இருந்ததில்லை.

அந்த வருடம் அக்டோபரில் அம்மா இறந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுவிட்டது. நயேலி பதினைந்து அடி தள்ளி மேசையில் யாருடைய காப்பீட்டு அட்டையையோ சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்த பிறகு நான் சான் அன்டோனியோவை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். அந்தப் பெண்ணும் அதற்குள் என்னை விட்டிருந்தாள். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்ப் படி, இனிமேல் உனக்குத் தடை இல்லை என்று நயேலியிடம் சொன்னேன். சரி என்றாள். சனவரியில் அந்த ஆய்வக வகுப்புக்குப் பதிவு செய்தாள். காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் போவதை நான் காபி குடித்துக்கொண்டே பார்ப்பேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அவரும் ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குச் சவரம் செய்துகொண்டார்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, டயாலிசிஸ் மையத்தில் ஏசி பழுது என்று ஊரில் என் புது முதலாளிக்கு அழைப்பு வந்தது. நான் போனேன். காலை ஒன்பதரை இருக்கும். வரவேற்பு மேசையில் நயேலி உட்கார்ந்திருந்தாள்.

வகுப்பு இல்லையா என்று கேட்டேன். சாயங்காலம் பேசலாம் என்றாள். நான் உள்ளே போய் வேலையை முடித்தேன். என் அம்மா இறந்த நாற்காலியில் வேறொரு பெண்மணி போர்வையைப் போர்த்திக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள். இரண்டு வாரம் வகுப்புக்குப் போனாளாம். எல்லாரும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். ஆசிரியர் பலகையில் எழுதுவது எல்லாம் தெரிந்ததுதான், ஆனால் கை எழுத மறுக்கிறது. மூன்றாம் வாரம் கல்லூரி வாசல் வரை போய்க் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாளாம். அப்படி நான்கு நாள். பிறகு மையத்துக்குப் போய்க் காலை வேலையைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"பயமா?" என்று கேட்டேன்.

"பயம் இல்ல. ஆசை போயிடுச்சு" என்றாள். "முன்ன எல்லாம் ஒரு கணக்கு வந்தா, அதைப் போடாம தூக்கம் வராது. இப்ப பாத்தா, சரி, இருந்துட்டுப் போகட்டும்னு தோணுது. அவ்ளோதான். வேற ஒண்ணுமில்ல."

நான் கத்தினேன். இத்தனை வருடம் பட்ட பாடு வீணா என்றேன். யார் பட்ட பாடு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் போனது. அவள் அந்த மையத்தில் மேற்பார்வையாளர் ஆனாள். பட்டத்துக்கு ஏழு பாடம் பாக்கி. அந்த ஏழு அப்படியே இருந்தது. ஒச்சோவா மிஸ்ஸை ஒருமுறை பேக்கரியில் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். நயேலியின் வகுப்பில் முதல் பத்துப் பேரும் அவருக்குப் பெயரோடு மனப்பாடம். வெளியூர் போன மூவரும் முடித்துவிட்டார்கள், இங்கே நின்ற ஏழு பேரில் மூன்று பேர் முடித்தார்கள் என்றார். நயேலி முடித்துவிட்டாளா என்று கேட்டார். முடிக்கப்போகிறாள் என்று சொன்னேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், அம்மாவின் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அப்பா, நான், நயேலி மூவரும் மதியம் கல்லறைக்குப் போனோம். அப்பா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனார். நயேலி பூவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றிருந்தாள். வைக்கவில்லை.

"எனக்கு இங்க வந்தா அழுகை வரல அண்ணே. கோபம்தான் வருது" என்றாள்.

யார் மேல் என்று கேட்டேன்.

"அம்மா மேலதான். வேற யாரு மேல? அந்த லெட்டரை எங்கயோ பாத்துட்டாங்க. போகாதடின்னு வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். சொல்லல. வேன்ல ஏறிப் போய், வெயில்ல நின்னு, விழுந்து காட்டினாங்க. பாருடி, நீ போனா நான் இப்படித்தான் சாவேன்னு காட்டினாங்க. என்னால மறக்கவே முடியல."

எட்டு வருடமாக அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இறந்தவள் மேல் ஒரு பழி, அவளுக்கு அது வலிக்கப்போவதில்லை. ஆனால் அந்தக் கல்லில் அம்மாவின் பெயரைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"அவங்களா பாக்கல நயேலி. நான்தான் சொன்னேன்."

"என்னிக்கு?"

"அந்த புதன்கிழமை. கார்ல."

"எதுக்கு?"

சொன்னேன். எண்ணெய் வயல் வேலை, ஜூன் மாதம், எனக்குச் சலித்துப்போனது, அம்மா ஏதாவது செய்வாள், அதைப் பார்த்து நயேலி நின்றுவிடுவாள் என்று நான் நினைத்தது, பத்து மணிக்கு மூன்று தெரு தள்ளி இருந்தும் போகாதது, எல்லாவற்றையும்.

"அவங்க உன்னைப் பிடிச்சு வைக்கணும்னு வேன்ல போகல. நிஜமாவே பழகிக்கத்தான் போனாங்க. நீ போகணும்னுதான் போனாங்க. நீயா வந்து சந்தோஷமா சொல்லணும்னு காத்துக்கிட்டிருந்தாங்க."

தூரத்தில் அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

"மூணரை வருஷம் நான் அவங்களைக் கூட்டிட்டுப் போனேன்" என்றாள். "கை பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போனேன். ஆனா மனசுக்குள்ள ஒவ்வொரு நாளும் திட்டிக்கிட்டேதான் போனேன். செத்த அன்னிக்குக் காலைலகூட. கார்ல ஏதோ சொல்ல வந்தாங்க, நான் ரேடியோவைச் சத்தமா வச்சேன்."

நான் மன்னிப்பு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"அவங்க இருக்கும்போது நீ இதைச் சொல்லியிருக்கலாம்" என்றாள். "படிப்பு போனா போகுது. அது போயிட்டுப் போகுது. இதைச் சொல்லியிருக்கலாம்ல நீ."

பூவைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, அப்பாவின் கையிலிருந்த வாளியை வாங்கித் தண்ணீர் ஊற்றினாள். பிறகு அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் நடந்து வீட்டுக்குப் போனேன். அந்த மாதக் கடைசியில் அவள் மையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு தனியாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவைக் கூட்டிப்போவாள். வாசலில் ஹாரன் அடிப்பாள். உள்ளே வர மாட்டாள். என்னோடு பேசுவதில்லை.

இந்த வசந்தத்தில் வேலைக்குப் போகும் வழியில் ரேடியோவில் கேட்டேன். படிப்பைப் பாதியில் விட்டவர்கள், கொஞ்சப் பாடமே பாக்கி உள்ளவர்கள் திரும்பி வந்து முடிக்கலாம், பழைய பாடங்கள் சிலவற்றை ஏற்றுக்கொள்வோம், மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு எல்லாம் உண்டு என்று நயேலி படித்த கல்லூரி அறிவித்தது. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானே போனேன். அந்த வளாகத்துக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அலுவலகத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நன்றாகத்தான் பேசினாள். என் தங்கையின் பெயர், பிறந்த தேதி, படித்த வருடங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஏழு பாடத்தில் இப்போது எத்தனை பாக்கி, அந்த ஆய்வக வகுப்பைச் சனிக்கிழமை வைக்கிறார்களா, இது மட்டும் தெரிந்தால் போதும் என்றேன்.

"அவங்களுக்கு நீங்க என்ன வேணும் சார்?"

"அண்ணன்."

"மன்னிச்சுக்குங்க சார். அவங்க நேர்ல வரணும், இல்ல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். என்னால எதையும் பாத்துச் சொல்ல முடியாது."

"பாக்க வேணாம். இத்தனை வருஷம் இங்க படிச்சா. ஸ்கூல்ல அவதான் முதல். பாஸ்டன்ல கூப்பிட்டாங்க, போகாம இங்க வந்தா."

அந்தப் பெண் என் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அப்படி ஒருத்தர் இங்க படிச்சாங்களா இல்லையான்னுகூட நான் சொல்லக் கூடாது சார்" என்றாள்.

ஒரு துண்டறிக்கையைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கொடுத்து, நான் கொடுத்ததாகச் சொல்லாமல் அவளிடம் கொடுங்கள் என்றேன். சாயங்காலம் அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றும்வரை நான் எதுவும் கேட்கவில்லை.

"குடுத்தேன்" என்றார் அப்பா. "வாங்கிப் படிச்சா. மடிச்சுப் பையில வச்சுக்கிட்டா. அப்புறம், எனக்கு ரத்த அழுத்தம் எவ்ளோ இருக்குன்னு கேட்டா."

வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். இல்லை என்றார்.

பதிவுக்கு ஆகஸ்ட் பதினைந்து கடைசி நாள். அதற்கு முந்தின வாரம் முழுக்க, தபால்காரர் வரும்போதெல்லாம் நான் வாசலுக்குப் போனேன். அவள் இப்போது இந்த வீட்டில் இல்லை, கடிதம் வந்தாலும் இங்கே வராது என்று எனக்குத் தெரியும். தேதி போய்விட்டது. அவள் பதிவு செய்தாளா என்று அப்பா கேட்கவில்லை. என்னாலும் கேட்க முடியாது.